பூஜையில் வைத்த சர்வர்

ஆற்றில் பெருவெள்ளம் வந்து, பேட்டையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்று, வீட்டில் இருந்த அரிசி மூட்டை ஊறிப் புளித்துப் போனதே, அந்த வெள்ளத்துக்கு அடுத்து வந்த புரட்டாசியில் நடந்தது இது. வெள்ளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இருந்த பழைய சர்வர் அதில்தான் நனைந்து செத்தது. அதன் பிறகுதான் நோயாளிகளின் அட்டை விவரங்களை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்து, இரண்டாவது நகலைக் குலசேகரன்பட்டினத்தில், நாம் குலசை என்று சொல்கிற ஊரில், இருக்கிற நம் கிளையில் கொண்டுபோய் வைத்தோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் எல்லாம் படித்து வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பேட்டையில் ஒரு பட்டறையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு பேட்டரி தூக்க வந்தவன், பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த சர்வரோடு ஒட்டிக்கொண்டேன். கருப்புத் திரையில் எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கிற கை நடுங்குகிறபோது என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

முதன்முதலில் நம் சர்வர்களுக்கு டைரக்டரியை அமைத்துக் கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்தவர். பெயர் மறந்துவிட்டது, அவரும் தன்னைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. சாதாரண வேலை என்றால் உட்கார்ந்து அடிப்பார். எதையாவது நீக்குகிற கட்டளை என்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று அடிப்பார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "உட்கார்ந்தா கை தானா ஓடும். நின்னா முதுகு வலிக்கும், புத்தி கூடவே இருக்கும்" என்றார். நாங்களும் அதையே பழக்கமாக்கிக்கொண்டோம். ஒருவர் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால்தான் அது நடக்கும்.

டைரக்டரி என்பது யார், எது, எங்கே என்று சர்வர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விவரம். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். நாங்கள் 'அட்டைப் பகுதி' என்று கூப்பிட்ட ஒன்று இருந்தது. நோயாளி கையில் இருக்கிற அட்டை எண் யாருடையது, அவருக்கு என்ன ரத்தம், எந்த மருந்து உடம்புக்கு ஆகாது எல்லாம் அதில்தான். அது இருந்தது இரண்டே இடத்தில், நம் இடத்திலும் குலசையிலும்.

அன்றைக்கு விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு குலசைக் கிளையைப் பார்த்துக்கொள்கிற சுடலை என்ன செய்திருக்கிறான் என்றால், சர்வரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பூஜையில் வைத்துவிட்டான். முந்தின இரவே போனில் எங்களிடம் சொல்லியும் இருந்தான், நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் நாங்களும் அப்படித்தான். பூஜையில் வைத்த ஸ்பானரைக்கூட மறுநாள் பூஜை பிரிக்கும் வரை தொட மாட்டோம். கிளையின் ஆட்கள் எல்லோரும் தசராக் கூட்டத்துக்காகக் கடற்கரையில் போட்ட முதலுதவி முகாமுக்குப் போய்விட்டார்கள். கட்டிடம் பூட்டு. சுடலைக்கு நேர்த்திக்கடன். விரதம் இருந்து காளி வேஷம் போட்டிருந்தான்.

குலசை சர்வர் பதில் சொல்லாததால் இங்கே எல்லாம் மந்தமாகிவிட்டது. ஒவ்வொரு அட்டைக்கும் நம் சர்வர் அங்கே ஒருமுறை கேட்டுப் பார்த்து, காத்திருந்து, பிறகுதான் திறந்தது. டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் எஸ்தர் அக்கா கூப்பிட்டதால் நான் மேலே போயிருந்தேன். கீழே காதர் மட்டும். மேலப்பாளையத்துக்காரன், துபாயில் நாலைந்து வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன். பண்டிகை என்பதால் மற்றவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டுத் தானாக வந்து உட்கார்ந்திருந்தான். மேனேஜர் போனில் அவனை விடாமல் பிடித்திருக்கிறார். செத்துக் கிடக்கிற குலசை சர்வரைப் பட்டியலில் ஏன் இன்னும் வைத்திருக்கிறாய், எடுத்துவிடு, கவுண்டரில் கூட்டம் கத்துகிறது என்று.

நான் திரும்பி வந்தபோது காதர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, கதவைச் சாத்துங்க."

"என்னலே?"

"குலசை நகல மட்டும் எடுக்கணும்னுதான் போனேன். பகுதியவே எடுத்துட்டேன்."

நகலை நீக்குகிற கட்டளையும் பகுதியையே அழிக்கிற கட்டளையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் சர்வர் செய்துவிட்டு, முடிந்தது என்று ஒரு வரி காட்டும். அந்த ஒரு வரி திரையில் நின்றது. நாங்கள் தினமும் காப்பு நகல் எடுத்துக்கொண்டிருந்த டிஸ்க்கைக் காதர் ஏற்கெனவே சொருகிப் பார்த்திருந்தான். அது திறக்கவில்லை. எத்தனை நாளாகத் திறக்காமல் இருந்ததோ தெரியாது.

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். போனை எடுத்து சுடலைக்குப் போட்டேன்.

"யாருக்குப் போடுதிய?"

"சுடலைக்குத்தான். மெசின ஆன் பண்ணச் சொல்லுதேன். அங்கன முழுசா ஒரு நகல் இருக்குல்லா."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கட் பண்ணுங்க அண்ணாச்சி. கட் பண்ணுங்கங்கேன்." அவனே என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தான். "அது முழிச்ச ஒடனே நம்மகிட்டதான் கேக்கும், நான் தூங்குனப்போ என்ன நடந்துச்சுன்னு. அந்தப் பகுதியே கெடையாதுன்னு நம்ம சர்வரு சொல்லும். அதுவும் சரின்னு தன்கிட்ட உள்ளத அழிச்சிரும்."

சுடலை அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு எடுத்திருந்தால் அந்த ஒரு நகலும் போயிருக்கும்.

காதர் எழுந்துபோய் வெளியூர்களுக்குப் போகிற கேபிளைப் பிடுங்கினான். பிடுங்கிய நுனியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு பயம் தீர்ந்தது, இன்னொன்று தீரவில்லை. அன்றைக்கு விஜயதசமி ஆயிற்றே. காலையில் நல்ல நேரம் பார்த்துப் பூஜை பிரித்திருந்தால், நாங்கள் கேபிளைப் பிடுங்குவதற்கு முன்பே அங்கே சர்வர் எழுந்து, கேட்டு, அழித்து முடித்திருக்கும். திரும்ப சுடலைக்குப் போட்டோம், ஆன் பண்ணாதே என்று சொல்ல. இப்போது மணிகூட அடிக்கவில்லை. அவ்வளவு கூட்டம் ஒரு ஊரில் கூடினால் போன் எங்கே வேலை செய்யும்.

எஸ்தர் அக்கா கீழே இறங்கி வந்துவிட்டார்கள். காதர் எதையும் மறைக்காமல் சொன்னான். அவர்கள் சத்தம் போடவில்லை.

"மத்தியானம் வாரவங்கள்ல பாதிப் பேரு எனக்குப் புதுசு காதரு. யாருக்கு எது ஒத்துக்கிடாதுன்னு தெரியாம நான் ஊசி போட மாட்டேன்."

"அவங்களயே கேட்டா சிஸ்டர்?"

"கேட்டா, 'அந்தச் செவப்பு மாத்திர தின்னா ஒடம்பெல்லாம் தடிக்கும்மா'ம்பாங்க. எத்தன செவப்பு மாத்திர இருக்கு. நாளைக் காலம்பற வரைக்கும் தள்ளுதேன். அதுக்கு மேல தள்ளுனா அவங்களுக்கு மூச்சு முட்டும். வெளங்குதா?"

அதற்குள் மேனேஜர் வந்தார். கேபிளைப் பிடுங்கியதால் கிளைகளிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை என்று அவருக்கு அடுத்த போன் வந்துவிட்டது. காதர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர் அவர்தான்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கேன். அதுக்கப்புறம் கேபிள் திரும்பப் போகணும். மத்த ஊரு நோயாளிய நான் காவு கொடுக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் சிக்கல்.

முகாமுக்கு மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டு நம் ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் அதில் ஏறினேன். காதர் கேபிள் பக்கத்தில் காவல். போகும்போது என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவைப் போட்டுவிட்டு, "வயரைப் பிடுங்கிட்டுதான் போடணும் அண்ணாச்சி. மொதல்ல வயரு, அப்புறந்தான் சுவிச்சு" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பான்.

ஆழ்வார்திருநகரி வரை வண்டி நன்றாகவே போனது. அதற்குப் பிறகு வேன், லாரி, நடந்து போகிறவர்கள். குறவன் குறத்தி, ராஜா, கரடி, குரங்கு, போலீஸ் வேஷம் போட்டவர், நிஜப் போலீஸ், எல்லோரும் ஒரே ரோட்டில். மேளச் சத்தம் வண்டிக்குள் கண்ணாடியை அதிர வைத்தது. டிரைவர் ஜெபராஜ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சைரன் சங்க ஊதும் வே. வழி விடுவானுவ" என்றேன்.

"உள்ள யாரு படுத்திருக்கா?"

"யாருமில்ல. ஆனா காரியம்..."

"நோயாளி இல்லாம ஊத மாட்டேன் அண்ணாச்சி. ஒரு நாளு ஊதிட்டா அப்புறம் நெசமா ஊதும்போது எவனும் ஒதுங்க மாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "வேணும்னா நீங்க படுங்க. மயக்கம் வந்துட்டுன்னு வச்சுக்கிடுதேன்" என்றார்.

நான் படுக்கவில்லை. படுத்திருந்தால் நிஜமாகவே மயக்கம் வந்திருக்கும், அந்த நிலையில்தான் இருந்தேன். வழி நெடுக எனக்கு ஒரே கணக்கு. பூஜை பிரித்திருப்பானா, மாட்டானா.

கிளைக் கட்டிடம் பூட்டித்தான் இருந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. சர்வர் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தால் ஊர் முழுக்க மேளம். சாவி சுடலையிடம். சுடலை காளி. அந்த ஊரில் அன்றைக்கு எத்தனை காளி இருக்கும் என்று நீங்கள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எல்லோருக்கும் கருப்பு முகம், தகர நாக்கு, கிரீடம், முதுகில் மரக்கைகள். நான் ஒவ்வொரு காளியின் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு காளி என்னைப் பக்தன் என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

கடைசியில் கால்தான் காட்டிக்கொடுத்தது. சுடலைக்கு இடது கால் பெருவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும். அவன் தன் தசரா செட்டோடு மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான்.

"லே சுடல" என்றேன்.

மேளக்காரர் அடிப்பதை நிறுத்தாமலேயே முறைத்தார். "அம்மைய லேங்கீரு? வயசான ஆளு, பாத்துப் பேசும் வே."

"மன்னிக்கணும். தாயி, ஆபீஸ் சாவி வேணும்."

காளி ஆட்டத்தை நிறுத்தி, நாக்கைக் கழற்றினான். "அண்ணாச்சியா? என்ன, யாருக்கும் எதுவும் ஆயிட்டா?"

"மெசினப் போட்டுட்டியா?"

"எங்க போட. காலம்பற பூசை பிரிக்கலாம்னுதான் கெளம்புனேன். நம்ம செட்டு ஆடத் தொடங்கிட்டு. நடுவுல விட்டுட்டு வரமுடியுமா?"

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

மரக்கைகளோடு அவனால் கிளையின் வாசலில் நேராக நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தான். உள்ளே சர்வருக்கு நெற்றி மாதிரி ஒரு இடம் பார்த்துச் சந்தனம் வைத்திருந்தான். பொரி, கடலை, வாழைப்பழம். ஒரு எலுமிச்சம்பழத்தை மின்விசிறி ஓட்டைக்கு எதிரே வைத்திருந்தான்.

"சூடம் காட்டிட்டுத்தான் தொடுவேன்" என்றான்.

"காட்டு. பைய காட்டு."

அவன் சூடம் ஏற்றினான். நான் அதற்குள் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் நீலக் கேபிளைப் பிடுங்கினேன். காதர் சொன்ன மாதிரி, முதலில் வயர். சுடலை சர்வரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவிட்சில் விரலை வைத்து, "போடட்டா?" என்றான்.

இங்கேதான் பிள்ளைகளே, கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டறையில் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு மோட்டாரைத் தொட்ட ஆளைக் கரண்ட் தூக்கி எறிந்தது. பக்கத்துக் கட்டிடத்து இன்வெர்ட்டரிலிருந்து அவருக்குத் தெரியாமல் ஒரு வயர் வந்திருந்தது. அதன் பிறகு அங்கே யார் எதைத் தொட்டாலும், வேறு லைன் இருக்கிறதா என்று கேட்காமல் தொட மாட்டோம். சர்வரில் இருபது வருஷம் வேலை பார்த்தும் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு என்னவோ வாயில் வந்தது.

"பொறு. இந்த வயரத் தவிர இது வெளிய பேச வேற வழி இருக்கா?"

"இல்லியே." விரல் சுவிட்சிலேயே இருந்தது. பிறகு அவன் விரலை எடுத்தான். "அந்தச் சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு. போன மாசம் கேபிளு அடிக்கடி அறுந்துச்சுல்லா. மச்சான் கடைல சொல்லி ஒரு சிம் பெட்டி வாங்கி வச்சேன். கேபிளு போச்சுன்னா அது தானா எடுத்துக்கிடும். நல்ல சாமானம் அண்ணாச்சி."

"எங்கலே இருக்கு?"

சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மாலை மறைத்திருந்தது. நான் கேபிளைப் பிடுங்கியதுமே அது தன் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் சிம் வேலை செய்திருக்குமா என்று கேட்பீர்கள். என் போன் வேலை செய்யவில்லை, அது வேறு கம்பெனி. அதை நம்பி நான் சுவிட்சைப் போடச் சொல்வேனா. மின்சார வயரோடு அதைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் ஜெபராஜ் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இன்னொரு முறையும் சுற்றிப் பார்த்தேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அம்மா மேல சத்தியம்."

"நீதானலே இன்னைக்கு அம்மா."

"அதான் சொல்லுதேன்லா. போடட்டா?"

போட்டான். அது எழுந்து வருவதற்கு எடுத்த நேரத்தை நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அந்த இடத்து ரகசியச் சொல் சுடலைக்கு மட்டும்தான் தெரியும், அவன்தான் உட்கார வேண்டும். மரக்கைகள் நாற்காலியில் இடித்தன. அவன் உட்காராமல் நின்றபடியே அடித்தான். நான் வாய்விட்டுச் சொன்னேன், அவன் அடித்தான், நான் திரையைப் பார்த்துச் சரி என்றேன். ஒவ்வொரு விசையிலும் கருப்புச் சாயம். பகுதி திறந்தது. பெயர்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தபோது சுடலை கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்துப் பென் டிரைவில் போட்டோம். அதைத் திறந்து, பெயர்கள் கடைசி வரை இருக்கின்றனவா என்று பார்த்தோம். பிறகு சர்வரை அணைத்தோம். நான் சொல்லும்வரை காளியே வந்தாலும் போடக் கூடாது என்றேன்.

"நான் அணைச்சதுனாலதான பொழச்சிய" என்றான்.

"நீ அணைச்சதுனாலதாம்ல இந்த வெனையே வந்துச்சு."

"ரெண்டும் அம்மா செயலு" என்று சொல்லிவிட்டு நாக்கை மாட்டிக்கொண்டு ஆடப் போய்விட்டான்.

திரும்பி வந்து சர்வர் அறைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. காதர் அதே இடத்தில் இருந்தான், ஆனால் கையில் கேபிள் இல்லை. அது சுவரில் சொருகியிருந்தது. கிளை ஒன்றில் ஒரு பிரசவ கேஸுக்கு ரத்த வகை முடிவு வர வேண்டியிருந்ததாம். மேனேஜர் சொன்ன சாயங்காலத்துக்கு முன்பே, காதரே சொருகியிருக்கிறான்.

"ஒங்களுக்குச் சொல்ல போன் போவல அண்ணாச்சி. அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் சொல்ல?"

நாங்கள் அங்கே சுவிட்சைப் போட்ட நேரத்தையும் அவன் கேபிளைச் சொருகிய நேரத்தையும் சேர்த்துப் பார்த்தோம். அவன் முந்திக்கொண்டிருந்தான். சிம் பெட்டியைப் பிடுங்காமல் விட்டிருந்தால், அங்கே எழுந்த சர்வர் கேட்டிருக்கும், இங்கே பதில் இருந்திருக்கும், கடைசி நகலும் அழிந்திருக்கும். காதர் எழுந்து நின்றான். புதிதாகப் பகுதியை உருவாக்கினான், கோப்பை உள்ளே கொண்டுவந்தான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் சரி சொன்னேன். எஸ்தர் அக்கா தன்னிடமிருந்த ஒரு அட்டையை எடுத்துவந்து எண்ணைச் சொன்னார்கள். பெயர் வந்தது, ஆகாத மருந்து வந்தது. அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, "இவரு சரி. அடுத்தவரு" என்றார்கள். மறுநாள் காலையில் ஊசி போட வேண்டிய எல்லோரையும் அப்படிப் பார்த்து முடித்த பிறகுதான் மேலே போனார்கள். மறுநாள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அறிக்கையில் எழுத, அந்தக் கட்டளையை அடித்தது யார் என்று மேனேஜர் கேட்டபோது காதர் தன் பெயரைச் சொன்னான். யார் அவசரப்படுத்தியது என்று எஸ்தர் அக்கா கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் முழுவதும் திரும்பவில்லை. குலசை சர்வர் பூஜையில் உட்கார்ந்த பிறகு நம் கவுண்டரில் புதிதாக அட்டை வாங்கியவர்கள் அந்த நகலில் இல்லை. பண்டிகை நாள் என்பதால் அவர்கள் கொஞ்சம் பேர்தான். அட்டை எண்கள் வரிசையாகப் போவதால் எவையெவை காணோம் என்று தெரிந்தது, யாருடையவை என்று தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெண் முகங்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, காதர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு செய்துங்கநல்லூர், பேட்டை, மேலப்பாளையம் என்று வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் கண்டுபிடித்தான். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. வயசான அம்மா, வெளியூர்ப் பேச்சு, மகனோடு வந்திருந்தார்கள், ஏதோ ஒரு மருந்து ஆகாது என்று இரண்டு தடவை சொன்னார்கள் என்பது மட்டும் அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. எந்த மருந்து என்பது நினைவு இல்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். காதர் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஏதாவது அட்டை திறக்கவில்லை என்று கவுண்டரிலிருந்து போன் வந்தால் இப்போதும் அவன் படியேறி ஓடுகிறான் என்று கேள்வி.

அந்த அட்டை என்றைக்காவது வரும். வந்தால், பழைய விவரம் இல்லை, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி வரிசையில் அனுப்பிவிடாதீர்கள். ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்கார வைத்து, என்ன ஆகாது என்று பொறுமையாகக் கேளுங்கள். எண் என்ன என்று காதரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு ஊருக்குப் போனாலும், வேறு வேலைக்குப் போனாலும், அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவரிடம் எண்ணைச் சொல்லி, இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.